நீட்டிச் சொன்ன சொல்

நான் செய்த ஒரு காரியத்தை இப்போது எழுதி வைக்கிறேன். செய்தது தப்பு என்று யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவன் போன ஐப்பசியில் காலமாகிவிட்டான். கடைசிவரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தான். சொல்வதற்குச் சமயம் வாய்க்கவில்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

அவன் என் பெரியம்மா மகன். என்னைவிட ஐந்து மாதம் மூத்தவன். முறைக்கு அண்ணன், நான் ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவேன். ஆரல்வாய்மொழிக்குச் சற்றுத் தள்ளி, கணவாய்க் காற்று நேராக வந்து மோதும் ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் மருமக்கள்வழி. சொத்தும் அதிகாரமும் தாய்மாமன் கையில். சகோதரிமாரின் பிள்ளைகளை ஆளாக்குவது அவர் கடமை. ஆனால் புதுச் சட்டம் வந்து, தகப்பன் சொத்தில் மக்களுக்கும் உரிமை என்று ஆகிக்கொண்டிருந்த காலம் அது. மாமாவுக்கும் மக்கள் இருந்தார்கள். அதனால், மருமகன்கள் இருவரில் ஒருவனைத்தான் நாகர்கோவிலில் தங்கவைத்து இங்கிலீஷ் ஹைஸ்கூலில் படிக்கவைக்க முடியும், மற்றவன் வயலைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் வயலும் இரண்டு ஜோடி மாடும் இருந்தன. என் அப்பா நான் நடை பழகுமுன்பே போய்விட்டார்.

யாரை அனுப்புவது என்பதற்கு மாமா ஒரு பரீட்சை வைத்தார். அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்பது அதற்கு ஒரு தடையாக அவருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதி இருந்தது. மலைத்தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவன் சீமைக்குக் கப்பலேறியபோது அவன் சாமான்களை ஏலம் போட்டார்கள். மாமா சாய்வு நாற்காலி எடுக்கப் போனவர், தோல் அட்டையின் அழகில் மயங்கி அகராதியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதை நாங்கள் இருவரும் இரண்டு வருஷம் படித்தோம். நான் நீளமான சொற்களாகப் பார்த்துப் பொருளோடு மனப்பாடம் செய்வேன். அவன் முதல் பக்கங்களில் இருந்த உச்சரிப்பு விளக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். எழுத்துகளின் தலையில் இருக்கும் கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் என்ன ஓசை என்று கண்டுபிடித்து, எங்கள் வாத்தியாரிடம் போய்ச் சரிபார்ப்பான். வாத்தியார் மிஷன் பள்ளியில் வெள்ளைக்காரியிடம் பாடம் கேட்டவர். இங்கிலீஷில் வாய் திறக்காத எழுத்துகள் ஏராளம் என்று அவர் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

பரீட்சையன்று காலை மாமா சாய்வு நாற்காலியில் அகராதியை மடியில் விரித்து உட்கார்ந்தார். அம்மாவும் பெரியம்மாவும் அடுக்களை வாசலில் நின்றார்கள். மாமா கண்ணை மூடிப் பக்கத்தைப் புரட்டி, இருப்பதில் நீளமான சொல்லாகப் பார்த்து விரலை வைப்பார். வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். ஆளுக்குப் பத்துச் சொல்.

முதலில் அவன் முறை. நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். ஐந்தாறு சொல் ஆனது. பிறகு மாமாவின் விரல் rendezvous என்ற சொல்லில் நின்றது. “ராண்டிவூ” என்றான் அவன். ஓரிடத்தில் சந்திக்கலாம் என்று பேசி வைத்துக்கொள்வது, என்று பொருளும் சொன்னான்.

மாமா சொல்லின் நீளத்தை விரலால் அளந்தார். பத்து எழுத்து. “இம்புட்டு நீளத்துக்கு எழுதி வச்சிருக்கான். உனக்க வாயில மூணு துண்டுதான் விழுது? மிச்சத்த எங்கலே வச்சிருக்க?”

“மிச்சம் எழுத்துக்குச் சத்தம் கிடையாது மாமா.”

“சத்தம் இல்லாததுக்கு எதுக்குலே மை செலவு பண்ணுகான் வெள்ளைக்காரன்? அவன் என்ன கோட்டிக்காரனா?”

பெரியம்மா சிரித்தாள். அவனும் கூடச் சிரித்தான். அதன் பிறகு அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மாமா மரக்காலில் நெல் அளப்பவரைப் போல எழுத்தோடு ஒத்துப் பார்த்து, “குறையுது, குறையுது” என்றார். ஒரு சொல்லில், “இதுக்க தலையில உள்ள கோடும் புள்ளியும் அழிஞ்சு கிடக்கு மாமா. எப்பிடிச் சொல்லணும்னு எனக்கு நிச்சயமில்ல” என்றான். மாமா உதட்டைப் பிதுக்கினார்.

என் முறை வந்தது. வேண்டுமென்றேதானோ என்னவோ, மாமா முதலில் அதே சொல்லில் விரலை வைத்தார். எனக்கு அது எப்படி ஒலிக்கும் என்று நன்றாகத் தெரியும். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மூச்சை இழுத்து, “ரெண்டெஸ்வவுஸ்” என்று ஓர் எழுத்து விடாமல், நாக்கைச் சுழற்றிச் சொன்னேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆங்! இதுல்லா முழுசா இருக்கு!”

பத்துச் சொற்களையும் அப்படியே நீட்டி முழக்கினேன். முடிந்ததும் மாமாவுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவனைப் பார்த்து, “ஏலே, நீயும் படிச்சவன்தான. இவன் சொன்னது செரியா?” என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். என் அம்மாவையும் பார்த்தான்.

“செரிதான் மாமா” என்றான்.

வைகாசியில் நான் நாகர்கோவில் போவது என்று முடிவாயிற்று. அம்மா அகராதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த இங்கிலீஷை வைத்துத்தான் உத்தியோகம் பார்த்தேன், பென்ஷனும் வாங்குகிறேன். அவன் வயலோடு இருந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் இருவரும் சானலில், எங்கள் பாசனக் கால்வாயில், குளிக்கப் போனோம். தண்ணீர் மார்பளவு ஓடியது. அவன் அருகில் வந்து, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல மெதுவாக, “மக்கா, அது ராண்டிவூ. பயத்துல உனக்கு மறந்து போச்சு, இல்லியா? அங்க போயி அப்பிடிச் சொல்லிராத. பயலுவ சிரிச்சுப் போடுவானுவ” என்றான்.

“எனக்கா மறக்கும்?” என்றேன். “நல்லாத் தெரியும்லே. மாமாவுக்கு நீளம்தான் வேணும்னு கண்டேன். நீட்டி விட்டேன். எப்பிடி?”

அவனும் சிரிப்பான் என்று எதிர்பார்த்துப் பெரிதாகச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கரையேறி, துவர்த்துத் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, எனக்காகக் காத்திராமல் வரப்பில் நடந்தான்.

தோற்றுப்போன பொறாமை, வேறென்ன, என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு, ஆழமான இடமாகப் பார்த்து இன்னொரு முங்கு போட்டேன்.