அராக்சி குறுக்கே வாசித்த நாள்

பூர்ஜ் ஹம்மூத் பேட்டையில் அராக்சியை எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள்தான் குறைவு. வயலின்காரர் சாவேனின் தங்கை என்றால்தான் ரொட்டிக்கடைக்காரருக்கே புரியும். ஆயுள் முழுக்க அண்ணனுக்குப் பியானோ வாசித்தாள். சுவரொட்டியில் அவர் முகம் பெரிதாக இருக்கும். இவள் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி கீழே கிடக்கும். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்றால் அது பச்சைப் பொய்.

உள்ளூர் இசையமைப்பாளர் ஒருவர் சாவேனுக்கென்றே எழுதிக் கொடுத்த உருப்படி ஒன்று உண்டு. விரலை முறிக்கும் அசுர வேகம். நடுவில் பியானோ வாயை மூடிக்கொள்ளும். வயலின் மட்டும் தன் சாமர்த்தியத்தையெல்லாம் கொட்டும். கடைசியில் இரண்டு சுரங்களை நடுங்கவைத்து நீட்டும். அராக்சி உள்ளே வருவதற்கு அதுதான் அடையாளம்.

சாவேனுக்குச் சில வருஷமாக மறதி. கையில் காபியை வைத்துக்கொண்டே காபி எங்கே என்பார். வயலினை எடுத்தால் மட்டும் எல்லாம் நினைவிருந்தது. அதை நம்பித்தான் தேவாலய மண்டபக் கச்சேரிக்கு அராக்சி சம்மதித்தாள். ஊர் அவரை வித்வானாகவே நினைக்க வேண்டும், பரிதாபப்பட்டுவிடக் கூடாது. அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

அன்று தனி வாசிப்பு வரை ஒரு குறையும் இல்லை. முடிவுக்கு வந்தவர், அந்த நடுக்கத்தை வாசிக்காமல் மறுபடி தொடக்கத்துக்கே போய்விட்டார். சபை கிறங்கியது. இன்னொரு சுற்றும் தொடங்கியபோது அராக்சிக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு வெளியே வர வழி தெரியவில்லை. அடையாளம் கிடைக்காமல் பியானோ நுழைவது, பேசுகிறவரின் வாயைப் பொத்துவது போல. வாழ்நாளில் அவள் அதைச் செய்ததில்லை. இப்போது செய்தாள். சாவேனின் விரல்கள் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு ஓடி, உருப்படியை முடித்தும் விட்டன.

மண்டபமே எழுந்து கை தட்டியது. தப்பித்தோம் என்று அராக்சி மூச்சு விட்டாள்.

சாவேன் பியானோ பக்கம் குனிந்தார்.

"ஏன்டி, நாம இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள கை தட்டுறாங்க?"

அவளுக்கு நெஞ்சு உடைந்துபோனது. பியானோவை மூடிவிட்டு, அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போயிருக்கலாம். ஊருக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கும்.

"உங்க மேல அவ்வளவு ஆசைண்ணா. ஆரம்பிங்க."

அவர் வில்லை உயர்த்தினார். இந்த வயதிலும் நமக்காக மறுபடி வாசிக்கிறாரே என்று சபை பூரித்து உட்கார்ந்தது. அராக்சி இசைத்தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பி வைத்தாள்.