பிளானில் இல்லாத அறை

என் அம்மாவின் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். அவர்களுக்கு அவர் மாஸ்டர், எனக்கு மாமா. சிவப்பு விளக்கு விழுந்தால், சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நின்றுவிடுவார். பின்னால் இருப்பவன் ஹார்ன் அடித்தால் இறங்கிப் போய் அவனுக்கும் ஒரு பாடம் நடத்திவிட்டு வருவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் வாழ்க்கையில் மீறிய சட்டம் ஒன்றே ஒன்றுதான். அதற்குள்தான் நானும் அம்மாவும் குடியிருந்தோம்.

நான் பள்ளியில் சேர்ந்த வருஷம் அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பம் இல்லை. அம்மா ஒரு பெட்டியோடும் என்னோடும் மாமா வீட்டு வாசலில் வந்து நின்றாள். மாமா அப்போதுதான் வங்கிக் கடனில் அந்த வீட்டை வாங்கியிருந்தார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, மேலே மொட்டைமாடி. அவர்கள் குடும்பமே அதில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. ஆனாலும் அத்தை ஒரு கேள்வி கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள், அவ்வளவுதான்.

வங்கியின் சம்மதம் இல்லாமல் வீட்டில் எதையும் கூட்டிக் கட்டக் கூடாது என்பது கடன் ஒப்பந்தத்திலேயே இருந்தது. நகராட்சியிடமும் பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை மாமா. தெரிந்தேதான் மாடியில் செங்கல் இறக்கினார்.

கட்டியது அவரிடம் வண்டி பழக வந்த ஒரு கொத்தனார். கூலிக்குப் பதில் பாடம் என்று பேச்சு. காலையில் ஸ்டியரிங் பிடிப்பார், மத்தியானம் கரண்டி பிடிப்பார். அவருக்கு ரிவர்ஸ் சரியாக வராத நாட்களில் வைத்த சுவர்தான் சாய்ந்துவிட்டது என்று அத்தை கிண்டல் செய்வாள். கிழக்குச் சுவர் நிஜமாகவே கொஞ்சம் சாய்வுதான். அதில் பதித்த அலமாரியின் கதவை எத்தனை முறை சாத்தினாலும் தானாகத் திறந்துகொள்ளும். அம்மா அதற்கு ஒரு பழைய துணியை மடித்துச் செருகி வைத்திருந்தாள்.

அந்த அறை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தகரக் கூரை. மழை பெய்தால் பேசுவது காதில் விழாது, நானும் அம்மாவும் ஜாடையிலேயே சண்டை போடுவோம். கைப்பிடி இல்லாத வெளிப்படிக்கட்டில் நான் விழுந்துவிடக் கூடாது என்று மாமா கயிறு கட்டியிருந்தார். ஜன்னலில் நின்றால் தெருமுனையில் அவருடைய வண்டி விக்கி விக்கி வருவது தெரியும். ஓட்டுவது யாரென்று தெரியாது, மாமாவின் சத்தம் மட்டும் முன்னால் வந்துவிடும். அந்த ஜன்னலடியில் தையல் மெஷினைப் போட்டுத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். எனக்கு வேலை கிடைத்து நாங்கள் வேறு வீட்டுக்குப் போனோம். இன்று நான் இருப்பது அதைவிட நல்ல வீடு. ஆனால் அங்கே வந்த தூக்கம் இங்கே வருவதில்லை.

அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் தவறாமல் சிகிச்சை. ஆஸ்பத்திரியோ ஊரின் மறுகோடியில். போய் வருவதற்குள் அவள் துவண்டு போனாள். வீட்டை விற்றுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லிஃப்ட் உள்ள ஒரு சின்ன ஃபிளாட் வாங்குவது என்று மாமா முடிவு செய்தார். வண்டி மாற்றும்போதெல்லாம் அதே வீட்டின் மேல் மறுபடி மறுபடி கடன் வாங்கியிருந்ததால், அசல் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருந்தது.

“கடன் இருக்கற வீட்டை விக்க முடியுமா?” சொந்தக்காரர் அத்தனை பேரும் இதையே கேட்டார்கள்.

மாமா தன்னிடம் கார் பழகிய வக்கீலம்மாவிடம் போனார். நானும் கூடப் போனேன்.

“தாராளமா விக்கலாம் மாஸ்டர். பாக்கி எவ்வளவுன்னு உங்க பேங்க்ல எழுதி வாங்குங்க. வாங்கறவங்க பேங்க் அதை நேரா அங்க கட்டிடும். அப்புறம் அடமானத்தை ரத்து பண்ணி, பத்திரத்தை விடுவிப்பாங்க. வீடும் கடனும் உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கறதால உங்க வீட்டம்மாவும் கையெழுத்துப் போடணும். ஒண்ணே ஒண்ணு. பதிவு முடியற வரைக்கும் சாவியைக் குடுத்துடாதீங்க.”

“வாங்கற புருஷன் பொண்டாட்டி நல்ல பசங்கம்மா. ரெண்டு பேரும் டீச்சர்.”

“நல்ல பசங்கதான். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்.”

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வாங்குபவர்களுக்குக் கடன் தர இருந்த வங்கி, வீட்டை அளந்து பார்க்க ஒரு இன்ஜினீயரை அனுப்பியது. அவர் மாடிக்கு ஏறினார், கையிலிருந்த பிளானைப் பார்த்தார், மறுபடி அறையைப் பார்த்தார். “இது பிளான்ல இல்லையே சார்” என்றார். மாமா தன் வாழ்நாளில் முதன்முறையாகப் போலீஸிடம் மாட்டியவர் மாதிரி நின்றார்.

வக்கீலம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். அபராதம் கட்டி அனுமதி கேட்கலாம். மாதக்கணக்கில் ஆகும், பக்கத்து வீட்டை ஒட்டிச் சட்டப்படி விட வேண்டிய இடைவெளி விடாததால் கிடைக்காமலும் போகலாம். அதுவரை அந்த வங்கி காத்திருக்காது. இல்லையென்றால் அறையை எடுத்துவிட வேண்டும்.

“அப்ப வீட்டையே விக்கல” என்றார் மாமா. “அது என் தங்கச்சி வீடு.”

அத்தை சிகிச்சை முடிந்து வந்த களைப்பில் சோபாவில் சுருண்டு கிடந்தாள். எனக்கு மாமாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அதே சமயம், இடிக்கச் சொல்லவும் எனக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கிளம்பினாள்.

“கட்டறப்ப யாரையும் கேக்கல. இடிக்க மட்டும் என்ன இவ்வளவு யோசனை?” என்றாள் மாமாவிடம்.

“கட்டறப்ப நீ வாசல்ல நின்னுட்டு இருந்த. யாரைப் போய் கேக்கச் சொல்ற?”

அம்மா சோபாவில் கிடந்த அத்தையைக் காட்டினாள்.

“இப்ப அண்ணி படுத்துட்டு இருக்காங்க. அன்னிக்கு எனக்காகக் கட்டின. இன்னிக்கு அவங்களுக்காக இடிண்ணா.”

அந்தக் கொத்தனாரே வந்தார். இப்போது அவருக்குச் சொந்த லாரி இருக்கிறது. சாய்ந்த சுவர்தான் முதலில் விழுந்தது. அம்மா கடைசிவரை மாடியில் நின்று பார்த்தாள். நான் கீழேயே இருந்துவிட்டேன், என்னால் முடியவில்லை. இன்ஜினீயர் மறுபடி வந்தார். இந்த முறை பிளானும் வீடும் ஒத்துப்போயின.

பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். டீச்சர் தம்பதி புதுத்துணி உடுத்தி வந்திருந்தார்கள். மாமாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தாள். அதிகாரி பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே, எல்லாரிடமும் கேட்பதை மாமாவிடமும் கேட்டார்.

“தரைத்தளம் மட்டும்தானே? மேல ஏதாவது கட்டடம் இருக்கா?”

மாமா தொண்டையைச் செருமினார். “இப்ப இல்ல சார்.”

“இப்ப, அப்பல்லாம் வேணாங்க. இருக்கா, இல்லையா?”

மாமா திரும்பி அம்மாவைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்து முனகினார்கள்.

“இல்லன்னு சொல்லுண்ணா” என்றாள் அம்மா.

“இல்ல சார். மேல ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னது முழு உண்மை. ஆனால் பொய் சொல்லிப் பழக்கமே இல்லாத ஒருவர் முதன்முறையாகப் பொய் சொல்வது போல அவர் குரல் நடுங்கியது.