அத்திப்பள்ளி தாண்டிவிட்டால் புருஷன் இல்லையா?

போன வாரம் ஒரு வீட்டில் பால் காய்ச்சப் போயிருந்தேன். வீடு என்றால்... ஒரு ரூம், ஒரு கிச்சன், மாடி போர்ஷன். அதுவும் வாடகைக்கு! அடுப்பில் பால் பொங்கி வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டு செல்வி ஓரமாக நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள்.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குடி அழுவற?" என்று அதட்டினேன்.

"போங்கக்கா, உங்களுக்கு என்னா தெரியும்?"

எனக்கா தெரியாது? இந்தப் பால் பொங்கிய கதை முழுக்க என் கண் முன்னால் நடந்ததுதானே! நீங்களும் கேளுங்கள்.

செல்வியின் நாத்தனார் கவிதா. கல்யாணமாகி எங்கள் ஓசூரிலேயே குடித்தனம், ஒரு பெண் குழந்தை. புருஷன் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அந்த மனுஷன் ஒருநாள், அத்திப்பள்ளியில் வேறு வேலை கிடைத்திருக்கிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அத்திப்பள்ளி என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? ஓசூரில் பஸ் ஏறி, ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகா, உடனே வந்துவிடும். ஆனால் போனவர் வரவில்லை. காசும் வரவில்லை. கவிதா போன் பண்ணிக் கேட்டதற்கு, வீட்டில் என்றைக்கும் தமிழ் பேசுகிற மனுஷன் கன்னடத்தில் பதில் சொன்னாராம் — "ஏனூ மாடக்காகல்ல." ஒன்றும் பண்ண முடியாதாம்!

கவிதா குழந்தையோடு அண்ணன் வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தாள். அத்திப்பள்ளிக்கும் அந்தப் பக்கம், பொம்மசந்திராவில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. கம்பெனி பஸ் அத்திப்பள்ளி வழியாகத்தான் போகும். ஷிஃப்டுக்குப் போக புருஷன் அங்கே பஸ் ஸ்டாப்பில் நிற்பார். அதனாலேயே கவிதா ஜன்னல் பக்கம் உட்காரவே மாட்டாள். நடுவில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே போவாள். தப்புப் பண்ணியது யார், தலை குனிந்தது யார்... பார்த்தீர்களா?

ஜீவனாம்சம் கேட்டு கேஸ் போடு என்று நான் சொன்னால், "ஆவாதுக்கா. அவருதான் ஸ்டேட்டு மாறிட்டாரே! இங்க போட்டா செல்லாதாம். அங்க போயி கன்னடத்துல எழுதிக் குடுக்கணுமாம்" என்பாள்.

சிரிக்காதீர்கள். பார்டர் ஊரில் குடியிருந்து பாருங்கள், தெரியும். இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் விலை, அந்தப் பக்கம் ஒன்று. லாரிக்கு பர்மிட் வேறு. பஸ் போர்டில் எழுத்து வேறு. இதையே பார்த்துப் பழகியவளுக்குப் புருஷனும் செக்போஸ்ட்டோடு சரி என்று தோன்றிவிட்டது. அவருக்கும் அதே நினைப்புதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஜோடிப் பொருத்தம் பிரமாதம்!

விடாக்கண்டி செல்விதான். ஒரு நாள், "கெளம்புடி கோர்ட்டுக்கு" என்று நின்றாள். கவிதா பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"நான் பாரமா இருக்கறன்னு நேராவே சொல்லிடுங்க அண்ணி. எங்கியாச்சும் போயிடறன்."

செல்வி கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டாள். "அடிப்பாவி! நீ எங்கூட்ல இருக்கறது எங்க பாசம். அவன் உனக்கு சோறு போடறது அவன் கடம. ரெண்டையும் போட்டு ஏன் கொழப்பற? கதவச் சாத்திக்கிட்டு அழக்கூட எடமில்லாம, பாத்ரூம்ல பைப்பத் தொறந்து வுட்டுட்டு அழுவறியே... எனக்குக் காது இல்லன்னு நெனச்சியா?"

நாத்தனார் என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மூன்று பேருமாகப் போனோம். கோர்ட்டிலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. அங்கே இருந்த வக்கீல் சின்னப் பெண்.

"நீங்க எங்க குடியிருக்கீங்களோ அங்கயே ஜீவனாம்சம் கேட்டு மனு போடலாம்மா. ஓசூர்ல இருக்கீங்க... ஓசூர்லயே போடுங்க."

"நான் வேலைக்குப் போறனே மேடம்?"

"அந்தச் சம்பளம் உங்களுக்கும் பாப்பாவுக்கும் பத்துதா?"

கவிதா இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப கேக்கலாம்."

"அவரு கர்நாடகால..."

"நீங்க தெனமும் பார்டர் தாண்டிப் போயி வேல பாக்கறீங்க இல்ல? அவரும் ஒரு நாள் தாண்டி வரட்டுமே!"

வந்தார். முதல் வாய்தாவுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, அடுத்ததற்கு வந்தார். இளைத்துப் போயிருந்தார். கோர்ட் வராந்தாவில் அவரைப் பார்த்ததும் கவிதா என்ன செய்தாள் தெரியுமா? "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... செல்விதான் என் கையைப் பிடித்து அமுக்கினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்படிக் கேட்டவள்தான் உள்ளே போய், "எனக்கும் எம் பொண்ணுக்கும் ஜீவனாம்சம் வேணுங்கய்யா" என்று குரல் நடுங்காமல் சொன்னாள். உரிமையைக் கேட்பதற்கு வெறுப்பு இருந்துதான் ஆகவேண்டுமா என்ன? பாசம் மிச்சம் இருக்கிறவளுக்கும் பசிக்கும்தானே!

இடைக்கால உத்தரவு வந்தது. மாதாமாதம் பணம் வருகிறது. ரொம்பப் பெரிய தொகை இல்லை. ஆனால் சம்பளத்தோடு சேர்த்தால் ஒரு சின்ன வீட்டுக்குப் போதும். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு! அதுவும் எங்கள் தெருவிலேயே, செல்வி கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்.

அதற்குத்தான் அன்றைக்குப் பால் காய்ச்சினோம். செல்வி ஏன் அழுதாள் என்று பிறகு சொன்னாள். "ஹால் வெறிச்சுன்னு ஆயிடுமேக்கா..."

மறுநாள் காலை தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏறிய கவிதா ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் அவள் இறங்கியதுமே பிடித்துக்கொண்டேன்.

"அத்திப்பள்ளியில நின்னாராடி?"

"நின்னாருக்கா. என்னப் பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு... நான் திரும்பல."