தாம்போதியில் கொதித்த கார்

கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போவதென்றால் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒடுங்கிய தெரு. அந்தத் தெருவின் நடுவில்தான் என் கார் கொதித்து நின்றது. வெப்ப முள் சிவப்பில் ஏறியதைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். பொனட்டின் இடுக்குகளால் ஆவி சீறிக்கொண்டு வந்தது.

உள்ளே நான்கு டீச்சர்மார் இருந்தார்கள். அக்கரையில் உள்ள பாடசாலைகளில் படிப்பிப்பவர்கள். காலையில் ஏற்றிப்போய்ப் பகலில் திருப்பிக் கொண்டுவருவது என் தொழில். கலியாணம் முறிந்தபோது எங்கள் பக்கத்து வழக்கப்படி வெளியே போனவர் புருஷன்தான்; வீடு என்னுடையது. உம்மாவும் நானும் அந்த வீட்டில் இருக்கிறோம். நகையை விற்று இந்தப் பழைய காரை வாங்கி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து, இதை எப்போது நிறுத்துவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர்.

"கீழதானே தண்ணி கிடக்கு, கொஞ்சம் அள்ளி ஊத்துவமே தங்கச்சி?" என்றார் மூத்த டீச்சர். கல்முனைத் தமிழ்ப் பக்கத்தைச் சேர்ந்தவர்.

"இப்ப மூடியத் திறந்தா முகம் வெந்துரும் டீச்சர். ஆறட்டும்."

ஆறும்வரை பாடசாலை மணி காத்திருக்குமா? பின்னால் வந்த வேன்காரர் நிறுத்தினார். அதே பாதையில் ஆள் ஏற்றுகிறவர். என் கார் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்தா, இஞ்சின் முடிஞ்சி போல. இனி டீச்சர்மார நான் ஏத்திக்கிறன்" என்றார். 'இனி' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். டீச்சர்மார் சங்கடத்தோடு இறங்கி அவருடைய வேனில் ஏறிப் போனார்கள்.

நெல் இறக்கிவிட்டு வந்த ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி என்னைக் கல்முனைக் கராஜுக்கு இழுத்துவந்தார். மெக்கானிக் என் காக்காவின், அதாவது அண்ணனின், கூட்டாளி. பொனட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். கை வைக்கவில்லை.

"ஹெட் கேஸ்கட் போயிரிக்கி. இஞ்சினக் கழட்டோணும்."

"தேர்மோஸ்டட்டப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னிடம் பதில் சொல்லாமல் பக்கத்தில் நின்ற இன்னொருவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "காக்காவ வரச் சொல்லுங்க ராத்தா. அவரோட கதைக்கிறன்" என்றார்.

"கார் என்ட. என்னோட கதைங்க."

"உங்களுக்கு விளங்காது."

வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்த டிராக்டர்காரரிடம் போய், காரை என் வீட்டுக்கு இழுத்துப் போகச் சொன்னேன். அவர் கயிற்றை மறுபடியும் கட்டினார்.

எனக்கு விளங்காது என்பது பொய். சர்விசுக்கு விடும்போதெல்லாம் கதிரையில் இருக்காமல் பக்கத்தில் நின்று பார்க்கிறவள் நான். தாம்போதியில் நின்றபோதே இரண்டு குழாய்களையும் துணியால் தொட்டுப் பார்த்திருந்தேன். இயந்திரத்திலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாய் கொதித்தது. கீழ்க் குழாய் குளிர்ந்து கிடந்தது. சுடுதண்ணீர் ரேடியேட்டர் வழியாகச் சுற்றி வரவில்லை என்று அதற்கு அர்த்தம். சூடு ஏறியதும் திறந்து அதற்கு வழிவிட வேண்டிய சின்ன வால்வுதான் தேர்மோஸ்டட். எண்ணெய் அளக்கும் கோலையும் இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்து பால் நிறமாகவில்லை. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்திருக்கும்.

பொழுதுபட முன்னம் காக்கா வந்துவிட்டார். முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: "நிக்கிற நிலையிலேயே காரை எடுக்க ஆள் இரிக்கி. குடுத்துட்டு வீட்டோட இரி."

"ஆரு எடுக்கிற?"

அவர் வேன்காரரின் பெயரைச் சொன்னார்.

"இவ்வளவு கெதியா ஆள் பாத்துட்டீங்களே காக்கா!" என்றேன். "கார் விக்கிறதுக்கில்ல."

"அப்ப ஆரு செய்யிற?"

"நான்."

அவர் உம்மாவைப் பார்த்தார். உம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கடையில் கார் மொடலைச் சொல்லி, தேர்மோஸ்டட்டும் அதன் ரப்பர் வளையமும் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்டும் வாங்கி வந்தேன். ஸ்பேனர்தான் இல்லை. அதைக் காக்காவின் மனைவி, என் மதினி, கொண்டுவந்தார்; காக்காவின் ஸ்பேனர் பெட்டியையே. அபாயாவுக்குள் மறைத்து எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டு, "அவருக்குச் சொல்லிராத புள்ள" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போனார்.

ரேடியேட்டரின் அடியில் பேசினை வைத்துப் பழைய தண்ணீரை இறக்கினேன். துரு நிறத்தில் வந்தது. கீழ்க் குழாயைக் கழற்றி, அது இயந்திரத்தில் சேரும் இடத்தில் உள்ள தேர்மோஸ்டட் மூடியின் நட்டுகளில் ஒன்று இறுகிக் கிடந்ததால் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, மறுபடி பிடித்து முறுக்கினேன். முழங்கை உரிந்தது. மதிலுக்கு அங்கால் தலைகள் தெரிந்தன. ஒரு மாமி கேட்டார், "என்னகா புள்ள, ஆம்பிளையள் இல்லையா?"

"இரிக்காங்க மாமி. அவங்கட வேலைய அவங்க பாக்கட்டும்."

கழற்றிய பழைய தேர்மோஸ்டட்டையும் வாங்கிய புதியதையும் நூலில் கட்டிக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போனேன்.

"என்ட சட்டிய ஏன் எடுக்காய்?" என்று உம்மா சத்தம் போட்டார்.

"பாருங்க உம்மா" என்றேன். கொதிக்கும் தண்ணீரில் இரண்டையும் தொங்கவிட்டேன். புதியது மெல்ல வாய் திறந்தது. பழையது எவ்வளவு கொதித்தும் அசையவில்லை. உம்மா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். "செத்துத்தானே கிடக்கு" என்றார். அப்புறம் சட்டியைப் பற்றிக் கதைக்கவில்லை.

புதியதை, அதன் சின்னக் காற்றுத்துளை மேல் பக்கமாக இருக்கும்படி வைத்துப் பூட்டினேன். கூலன்ட் ஊற்றி இயந்திரத்தை இயக்கினேன். காக்கா வந்ததும், முள் மறுபடி சிவப்பை நோக்கி ஏறியதும் ஒன்றாக நடந்தன. இயந்திரத்தின் சுடுதண்ணீரில்தான் ஹீட்டர் சூடாகும். அதைப் போட்டுப் பார்த்தேன்; குளிர்காற்று வந்தது. நிறுத்தினேன்.

"பாத்தியா?" என்றார் காக்கா. அவருடைய கண் கீழே கிடந்த ஸ்பேனர் பெட்டிக்குப் போயிற்று. "இது என்டதானே!"

"ஓம். வேல முடிஞ்சதும் வரும்."

மதிலுக்கு மேலே இருந்த தலைகள் கூடியிருந்தன. மெக்கானிக் சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ற பயம் அப்போதுதான் வந்தது. ஆனால் ஹீட்டரில் குளிர்காற்று வந்தது எனக்கு ஒன்றைச் சொன்னது: உள்ளே காற்று அடைத்துக்கொண்டு தண்ணீரை மறிக்கிறது.

முற்றாக ஆறவிட்டேன். எங்கள் ஊரில் மேடு ஏது? வெள்ளம் உள்ளே வராமல் கேட் வாசலில் கட்டிய சாய்வுதான் உண்டு. அடைபட்ட காற்று மேலேறி வெளியேற, காரின் மூக்கு மேலே இருக்குமாறு அதில் தள்ளி ஏற்ற வேண்டியிருந்தது. நானும் உம்மாவும் தள்ளினோம். கார் அசையவில்லை. காக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தோளைக் கொடுத்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு இயந்திரத்தை இயக்கினேன். துணியைச் சுற்றி மேல் குழாயைப் பிசைந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு களக் என்று ஒரு பெரிய குமிழி. தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கியது. ஊற்றினேன். இன்னும் குமிழிகள். ஊற்றினேன். குமிழிகள் சிறுத்து, வராமலே போயின. மூடியைப் பூட்டினேன். ஹீட்டரில் சூடான காற்று அடித்தது. கீழ்க் குழாயும் சுட்டது. முள் நடுவுக்கு வந்து நின்றது. ரேடியேட்டர் விசிறி தானாக ஓடி, தானாக நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் உம்மா, மதிலுக்கு அங்காலும் கேட்கும்படி.

காக்கா ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கினார். "ஏதோ தற்செயலாச் சரி வந்திரிக்கி" என்றார்.

"தற்செயலா ஒண்டும் இல்ல காக்கா. குசினிக்குள்ள சட்டி இரிக்கி, வந்து பாருங்க."

அவர் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் டீச்சர்மாரின் வாசல்களில் வழமைபோல ஹோர்ன் அடித்தேன். மூத்த டீச்சர் ஏறியபடி கேட்டார், "இண்டைக்கு இடையில நிக்காதுதானே தங்கச்சி?"

"நிண்டா, சரி பாத்துட்டுப் போவம் டீச்சர்."

நிற்கவில்லை. வேன்காரர் எதிரே வந்தபோது நான் ஹோர்ன் அடித்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

இப்போது சொறிக்கல்முனையில் படிப்பிக்கும் இரண்டு டீச்சர்மாரும் என்னோடு வரக் கேட்கிறார்கள். காரில் இடமில்லை. சாய்ந்தமருதில் ஒரு பழைய வேனைப் பார்த்து, அதன் குழாய்களையெல்லாம் தொட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். காக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. மதினிக்குத் தெரியும்.