அன்று காலை என் குரல் வரவில்லை

இதை வாசிக்கிற அன்பர்களே, முதலில் உங்களையே சாட்சிக்கு அழைக்கிறேன். தாம்பரம் முதல் தண்டலம் வரை எந்த மேடையிலாவது என் பேச்சு பாதியில் நின்று கண்டிருக்கிறீர்களா? கண்டிருக்க மாட்டீர்கள். அது நின்றது ஒரே ஒரு முறை, மேடையில் அல்ல.

1991, ஜூன் மாதம். தண்டலத்தை அடுத்த ஒரு கியர் தொழிற்கூடத்தில், பொருள் வாங்கும் பிரிவில் இருந்தேன். கிரைண்டிங் மெஷினின் சுழல்தண்டு, அதாவது ஸ்பிண்டில், உடைந்து ஓர் உற்பத்தி லைன் முழுவதும் நின்றுபோயிருந்தது. புதியது ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். அதற்கு அந்நாட்டு நாணயமான மார்க் வேண்டும். நாட்டிலோ அந்நியச் செலாவணிக்குப் பஞ்சம். வங்கிக்கு அலைந்தே ஓய்ந்தேன். திரும்பிவந்தால், வேலையின்றிப் பாதிச் சம்பளத்தில் தொழிற்கூட வாசலில் உட்கார்ந்திருந்த ஆட்களைத் தாண்டி உள்ளே போவதற்கே தெம்பில்லை.

ஒருவழியாக அனுமதி வந்தது. அதற்கென முதலாளி ஒதுக்கிய ரூபாயோ மட்டானது. மார்க் ஏறினால் ஸ்பிண்டில் இல்லை, லைனை மூடவேண்டியதுதான்.

நாளிதழில் வரும் மார்க்–ரூபாய் விலையைப் பல மாதங்களாக வரைபடத் தாளில் புள்ளியிட்டு வந்தேன். ஒவ்வோர் உச்சியும் முந்தைய உச்சிக்குக் கீழே நின்றது. உச்சிகளைச் சேர்த்துக் கோடிழுத்தால் அது சரிந்துகொண்டே போயிற்று. ஆகவே, இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் மார்க் மேலும் மலியும் என்பது என் வாதம். முதலாளியைச் சம்மதிக்கவைப்பது எனக்கு ஒரு பொருட்டல்ல.

அன்று காலை முழங்காலிட்டேன். வழக்கமான அலங்கார ஜெபம் வரவில்லை. அவ்வளவு அசதி. "ஆண்டவரே, நான் சொல்லப்போவது தவறானால் என்னைப் பேசவிடாதேயும்" என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

முதலாளி மணிமங்கலத்துக்காரர். அவர் முன் தாளை விரித்து வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. முந்தின மாலைப் பட்டிமன்றத்தில் தொண்டை கெட்டிருக்கும் என்பீர்கள். இருக்கலாம். அது ஏன் அந்த நொடியில் அடைத்தது?

லைன் சூப்பர்வைசர் சாலமோன் அண்ணன் சிரித்தார். "இன்னா தம்பி, மைக்கு இல்லன்னா பேச்சு வராதா?"

நான் சரியும் கோட்டை விரலால் காட்டினேன். முதலாளி குனிந்து பார்த்தார்.

"எறங்கிதான் கீது. இவ்ளோ சல்லிசா கெடைக்கிறப்ப இன்னாத்துக்குக் காத்துகினு இருக்கணும்? இன்னிக்கே வாங்கிடு."

இல்லை, பொறுக்கவேண்டும் என்று எழுதிக்காட்ட நான் பேனாவைத் தேடினேன். அதற்குள் அதே பேனாவால் அவர் மார்க் வாங்கும் படிவத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை தொடங்கியதும் அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது; அதே வாரத்தில் மறுபடியும் குறைத்தது. மார்க் என் கோட்டை மட்டுமல்ல, என் தாளில் இருந்த எல்லா உச்சிகளையும் தாண்டிப் போயிற்று. நான் பேசியிருந்தால் வென்றிருப்பேன். வென்றிருந்தால் அந்த லைன் இன்று இல்லை.

ஸ்பிண்டில் வந்து சேர்ந்தது. முதல் ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே போவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். மகிழ்ச்சியைவிட, பாரம் இறங்கிய அசதிதான் பெரிதாக இருந்தது. களைத்துப்போய் ஒரே வரியில் ஜெபிக்கிறவர்களே, அந்த ஒரு வரி போதும். நம்புங்கள்.

குரல் திரும்பிய ஞாயிறன்று சபையில் எழுந்து நின்றேன். நீளமாகப் பேசுவேன் என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நான் சத்தமாகச் சொன்னது இவ்வளவே: "ஆண்டவரே, இனிப் பேசுமுன் உம்மைக் கேட்பேன். நீர் நிறுத்தினால், பாதி வாக்கியத்திலும் நிறுத்துவேன்."