கயிற்றோடு போன மாடுகள்

எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்: "அந்தப் பஞ்சத்துலயும் மாட்டை அடிமாட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு நின்ன மனுசன்லா உங்க அப்பா!" சொல்கிறவருக்குக் கண் கலங்கும். அப்பா அடக்கமாக இலையைப் பார்ப்பார். எனக்கோ பாயச வாளியை அப்படியே கவிழ்த்துவிடலாமா என்று வரும். அப்பா நின்றார், அதை நான் மறுக்கவில்லை. நின்றதைத் தவிர வேறு என்ன செய்தார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசலில் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி மாட்டுத் தொழு, அதற்குப் பின்னால் ஆட்டுப்பட்டி. மாடுகள் அப்பா வழியில் வந்தவை. அவருடைய அப்பா கட்டியிருந்த செவலைப் பசுவின் வாரிசுகள். ஆடுகள் அம்மாவுடையவை. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து அவள் வாக்கப்பட்டு வந்தபோது அவளுடைய அண்ணன்மார் ஓட்டி வந்து விட்ட செம்மறிகள் பெருகி ஒரு மந்தையாகியிருந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா தொழுவுக்குக் கூட்டிப்போய் மாடுகளைக் காட்டுவார். எங்கள் அரிசியும், என் பள்ளிக்கூடத்துச் சீருடையும், அப்பாவின் வண்டிக்கு ஊற்றுகிற பெட்ரோலும் ஆடுகளிலிருந்துதான் வந்தன. ஆடுகளை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. அதற்கு முந்தைய வருடமும் பேருக்குத்தான் பெய்திருந்தது. பொங்கலுக்குள் ஊரணி பாளம் பாளமாக வெடித்துவிட்டது. எங்கள் போரில் மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், பிறகு காற்றுதான் வரும். தீவனத்துக்கென்று விதைத்த சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. அதை அறுத்துப் போடவும் வழியில்லை. வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம், தின்ற இடத்திலேயே விழுந்துவிடும். பயிரைப் பார்த்துக்கொண்டே மாடுகள் பட்டினி கிடந்தன.

வருகிற கொஞ்சத் தண்ணீர் முதலில் மாட்டுத் தொட்டிக்குப் போகும். மாடுகள் குடித்து மிச்சம் இருந்தால் ஆடுகளுக்கு. அது அப்பாவின் உத்தரவு. அப்பா சிவகிரிப் பக்கத்து வயல்களுக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடி வைக்கோல் கட்டி வருவார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வைக்கோலும் மாட்டுக்குத்தான். அம்மாவும் நானும் வெயிலில் அலைந்து சீமைக்கருவை நெத்துப் பொறுக்கி வந்து ஆடுகளுக்குப் போட்டோம். ஈன்ற ஆடுகளுக்கு மடியில் பால் இல்லை. காலையில் பட்டியைத் திறந்தால் ஏதாவது ஒரு குட்டி விறைத்துக் கிடக்கும். அம்மா அதை முந்தானையில் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

மாடுகளும் நன்றாக இல்லை. படுத்தால் தானாக எழுந்திருக்கத் தெம்பில்லை. வயிற்றுக்கு அடியில் சாக்கைக் கொடுத்து, ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான், தம் பிடித்துத் தூக்குவோம். அப்பா வாலைப் பிடித்துக்கொண்டு, "எந்திரி தாயி, எந்திரி" என்று அழுவார். பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுவார். அப்பாவுக்கு மாடு என்றால் உயிர் என்று ஊரே சொல்லும். உயிரை வைத்தவர் கொஞ்சம் தோளையும் வைத்திருக்கலாம்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "மாட்டைக் குடுத்துருவோம். ஆடு கருவ நெத்தைத் தின்னாவது கெடக்கும். ரெண்டையும் வச்சிக்கிட்டிருந்தா ரெண்டும் போயிரும்."

"எங்கப்பன் கட்டுன மாடு கசாப்புக்கு லாரி ஏறிச்சின்னு நாளைக்கு நாலு பேரு பேசுவாம்லா? வேணும்னா ஒன் ஆட்டை வித்துத் தொலை."

அம்மா குழம்பு ஊற்றினாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானாக இருந்தால் சட்டியோடு ஊற்றியிருப்பேன்.

சித்திரையில் ராயகிரியில் அப்பாவின் பெரியம்மா செத்துப்போனார். துட்டி வீட்டுக்கு அப்பா கிளம்பினார். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் அம்மா செல்லை எடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் மாட்டுத் தரகர் குட்டி லாரியோடு வந்து இறங்கினார்.

தரகர் தொழுவைச் சுற்றி வந்து மாடுகளின் விலாவைத் தடவிப் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் தோள் துண்டை உதறித் தன் கையில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் பேசுவார்கள். எதிரில் நிற்பது பொம்பளை என்று அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. துண்டை எடுக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றார்.

"வாயாலயே சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் அம்மா. "இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

சொன்னார். அம்மா பேரம் பேசவே இல்லை. "ஏட்டி, அவுத்துக் குடு" என்றாள் என்னிடம். நான் முளையிலிருந்து ஒவ்வொரு மாடாக அவிழ்த்தேன். செவலை என் கையை நக்கியது. நாக்கு காய்ந்து சொரசொரவென்று இருந்தது. நான் அழுதுகொண்டே கயிற்றைத் தரகரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. லாரியிலிருந்து புதுக் கயிறுகளை எடுத்து வந்து, "பழசைக் கழத்தி நீங்க வச்சிக்கிடுங்க தாயி" என்றார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக்கூடாது. வாங்குகிறவர் தன் கயிற்றில்தான் ஓட்டிப்போக வேண்டும். பழைய கயிறு அந்தத் தொழுவிலேயே தொங்க வேண்டும். கயிறு வெளியே போனால் அப்புறம் அந்த வீட்டில் மாடு தங்காது. எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது.

"பரவால்ல, அதோடயே போட்டும்" என்றாள் அம்மா.

"தாயி, கயித்தையா?" என்று தரகர் மறுபடியும் கேட்டார்.

"ஆமா. ஏத்துங்க."

அப்பா சாயங்காலம் வந்தார். தொழுவைப் பார்த்தார். தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பாவமாக இருந்தது, நானும் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கண் மெதுவாக முளைகளின் பக்கம் போனது. அங்கிருந்து சுவருக்குப் போனது. அதுவரைக்கும் வராத சத்தம் அப்போதுதான் வந்தது.

"கயிறு எங்கட்டி?"

அம்மா ஆட்டுப்பட்டிப் படலைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"மாட்டைத்தான் குடுத்தே, கயித்தை எங்கட்டி வச்சே?"

"மறந்துட்டேன்" என்றாள்.

அப்பா கையை ஓங்கினார். ஓங்கியதோடு நிறுத்தவில்லை. நான் பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டேன். கயிற்றுக்காக அடித்தார் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. மூன்று உயிர்கள் லாரி ஏறிப் போயிருந்தன, பட்டியில் குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. அந்த மனிதர் மூன்று முழக் கயிற்றுக்கு ஒப்பாரி வைத்தார். அதைவிட அம்மா மேல்தான் எனக்குக் கோபம். தரகர் இரண்டு தடவை கேட்டது என் காதில் விழுந்திருக்கிறது. இவள் மறக்கவில்லை. பயந்துபோய்ப் பொய் சொல்கிறாள், அந்தப் பொய்க்கும் அடி வாங்குகிறாள்.

மறுநாள் காலையில் அம்மா கன்னம் வீங்கியபடியே கடப்பாரையை எடுத்து மாட்டுத் தொட்டியின் விளிம்பை இடித்தாள். குட்டிகளுக்கு அந்தத் தொட்டி எட்டாது. அப்பா கட்டிலில் படுத்தபடியே கத்தினார்: "நாளைக்கு மாடு வந்தா எதுல குடிக்கும்?"

"வந்தாப் பாப்போம்" என்றுவிட்டு அடுத்த செங்கலை இடித்தாள்.

மாட்டுப் பணத்தில் தவிடும் பருத்திக்கொட்டையும் வந்தன. லாரித் தண்ணீர் வந்தது. போரில் வந்த தண்ணீர் முழுக்க ஆடுகளுக்கானது. குட்டிகள் சாவது நின்றது. மழை வரும்வரை வீட்டு உலை ஆட்டால்தான் கொதித்தது, அப்பாவும் அதைத்தான் சாப்பிட்டார். ஊரிலோ வேறு கதை ஓடியது. அவர் இல்லாத நேரம் பார்த்துப் பெண்டாட்டி விற்றுவிட்டாள், அவர் இருந்திருந்தால் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றியிருப்பார் என்றார்கள். இழவு வீட்டில் உட்கார்ந்திருந்ததற்கு இப்படி ஒரு பேர் கிடைத்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது. ஊரணி நிறைந்தது, கரிசல் முழுக்கப் பச்சை ஓடியது. அப்பாவுக்கு மாட்டு நினைப்பு வந்துவிட்டது. சந்தைக்குப் போய் ஒரு செவலைக் கிடாரியைப் பார்த்துவிட்டு வந்தார். அதன் சுழியைச் சொன்னார், நடையைச் சொன்னார். அம்மா வெங்காயத்தை முறத்தில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா எழுந்து தொழுவுக்குள் போனார். காலி முளைகளுக்கு நடுவில் வெகுநேரம் நின்றார்.

திரும்பி வந்து, "வேண்டாம்" என்றார். "கயிறு போன தொழு. கட்டுனாத் தங்காது. அதுவும் செத்துத் தொலைஞ்சா என்ன செய்ய?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அப்பா வெளியே போனதும் அவள் முன்னால் போய் நின்றேன். "நீ ஒண்ணும் மறக்கல. அவரு ரெண்டு மட்டம் கேட்டாரு, எனக்குத் தெரியும். அன்னைக்கு ஏம்மா பொய் சொன்னே? இப்பமும் சரி சரிங்குத. ஒனக்கு அவ்வளவு பயமா?"

"அரிசியைக் களைஞ்சு வை, போ" என்றாள்.

கட்டியவரிடம் எத்தனை முறை கெஞ்சினாலும் அவளால் வாங்கியிருக்க முடியாத அந்த 'வேண்டாம்' என்ற வார்த்தையை, அவர் அன்று தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது எனக்கு அப்போது புரியவில்லை. இப்படிப் பயந்து சாகிற ஒரு தாய்க்கு வந்து பிறந்தேனே என்று திட்டிக்கொண்டே அரிசியைக் களைந்தேன்.