மாமா பார்த்த இரண்டு தீவுகள்

எங்களுக்குப் பூகோளம் நடத்திய ஆசிரியை, பிரிட்டிஷ்காரர்கள் ஆளும் சின்னத் தீவுகளில் ஏதாவது இரண்டை ஒப்பிட்டு எழுதி வரச் சொன்னார். நிலம் எப்படி, ஜனங்கள் யார், ஆள்வது யார் என்று எழுத வேண்டும், படமும் வரைய வேண்டும். மற்ற பெண்கள் பள்ளியில் இருந்த ஒரே அட்லாசுக்கு முட்டி மோதினார்கள். நான் போகவில்லை. என் தாய்மாமன் அப்படிப்பட்ட இரண்டு தீவுகளில் இருந்துவிட்டு வந்தவர்.

இன்று இதைச் சொல்லும்போது பெருமை போலத் தொனிக்கிறது. அன்று மாமாவால் எனக்குக் கூச்சம்தான். அப்பா மலாயாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்கிறவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு எங்களிடம் வந்து சேர்ந்த மாமாவோ ரப்பர் பாலுக்கு மரம் கீறிவிடும் கூலி, மரம் வெட்டப் போகிறவர். பனியனெல்லாம் ரப்பர் பால் கறை, காலில் செருப்பு கிடையாது. தினமும் காலையில் என் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வருவார். அங்கே நிற்கும் பள்ளிக்கூட லாரியில் கூலிகளை மேற்பார்க்கும் கண்டக்டர் வீட்டுப் பெண்களும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் மகளும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் அவர் படாமல் இருக்கக் கூடாதா என்று நினைப்பேன்.

ஆனால் பாடத்துக்கு அவர் வேண்டியிருந்தார். அவசர காலம் அது. காட்டுக்குள் வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகள், தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. சாயங்காலம் ஊரடங்கு விழுந்தால் யாரும் வெளியே போக முடியாது. மாமா அடுக்களையில் கால் நீட்டி உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் வரைந்தேன்.

"கிறிஸ்மஸ் தீவு பாறை. கடலுக்குள்ளேர்ந்து செவுரு மாதிரி எழும்பி நிக்கும். கப்பல் வர ஒரே எடந்தான். கொக்கோஸ் அப்படி இல்ல, தட்டு மாதிரி கெடக்கும். அங்க ஒசரமானதுன்னா தென்ன மரந்தான்."

"யார் ஆள்றாங்க?"

"கிறிஸ்மஸ் தீவுக்குச் சிங்கப்பூர்லேர்ந்து ஒரு ஆபீசரு வருவாரு. ஆனா கல்லு தோண்டுற கம்பெனி வச்சதுதான் சட்டம். கொக்கோஸ் முழுக்க ஒரே வெள்ளக்காரக் குடும்பம். காசு கூட அவங்களே அடிச்சுக்குவாங்க. அங்கேர்ந்து வெளிய போனவன் திரும்பி வர முடியாது."

"ரெண்டுல எது நல்ல ஊரு?"

மாமா சிரித்தார். "ரெண்டும் நம்ம தோட்டம் மாதிரிதான் லா. இங்க ரப்பரு, அங்க கல்லு, இன்னொண்ணுல தேங்கா."

எனக்கு விளங்கவில்லை. மாமா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் கையாலேயே எங்கள் தோட்டத்தை வரைந்து காட்டினார். துரை பங்களா, லயம், கேட், அரிசி ஸ்டோர், காவல் மேடை, சுற்றிலும் முள்கம்பி. பங்களா இருக்கிற இடத்தில்தான் அங்கே ஆபீசர் வீடு, லயம் இருக்கிற இடத்தில்தான் கூலிகள் வீடு என்று விரல் வைத்துச் சொன்னார். இரண்டு தீவுகளும் எங்கள் தோட்டத்தைப் போன்றவை என்று ஆங்கிலத்தில் கடைசி வரியாக எழுதினேன்.

காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று கேட்டில் எல்லோரையும் சோதிப்பார்கள். என்னிடம் சாப்பாட்டு டப்பாவை மட்டும் திறந்து பார்த்து விட்டுவிடுவார்கள். நான் பாடத்தை எடுத்துப் போன அன்று காலை ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி வந்திருந்தான். பையைக் கொட்டினான். தாளை எடுத்தான், திருப்பினான், காட்டிலிருப்பவர்களுக்குப் போகும் படமோ என்று அதில் போட்டிருந்த காவல் மேடையை வெகு நேரம் பார்த்தான். யார் போட்ட படம் என்று மலாயில் கேட்டான். நான் மாமாவைக் காட்டினேன்.

"சியாப்பா இனி?" என்றான். இது யார்?

மாமா என்று சொல்ல வேண்டியதுதானே. லாரியிலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

"ஓராங் காஜி," என்றேன். வேலைக்காரன்.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. "பெத்துல், துவான்," என்றார். உண்மைதான் ஐயா. கிராணி வீட்டில் விறகு வெட்டுகிறவன், உறவெல்லாம் கிடையாது, கிறுக்கியது நான்தான், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று மலாயில் கடகடவென்று சொன்னார். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நான் லாரியில் ஏறினேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. வகுப்பில் அவசரமாகத் தீவுகளை மறுபடி வரைந்தேன், கடைசி வரியை விட்டுவிட்டேன். படம் சுத்தமாக இருக்கிறது என்று ஆசிரியை பாராட்டினார்.

வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். துரை அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்திருந்தார். அப்பா சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"உறவு இல்லன்னு மச்சானே சொல்லியிருக்காரு," என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். நான் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். அந்த வார்த்தை முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது.

பதினோரு நாள் கழித்து மாமாவை விட்டார்கள். இடது காது சரியாகக் கேட்கவில்லை. அம்மா குளிக்க வெந்நீர் வைத்தாள். குளித்துவிட்டுத் தன் பாயைச் சுருட்டினார்.

"நான் லயத்துக்குப் போறேன் தங்கச்சி. போலீசுல வேலைக்காரன்னு எழுதிக்கிட்டாங்க. இங்க படுத்தா நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க."

அதன் பிறகு பின்வாசல் வழியாக விறகு கொண்டுவந்து போடுவார். அம்மா எவ்வளவு கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார். படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். என்னைத் தண்டிக்கத்தான் இப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை மறுபடியும் என் பையை எடுத்துக்கொண்டார். எப்போதும் பக்கத்தில் பேசிக்கொண்டே வருகிறவர், அன்று இரண்டடி பின்னால் வந்தார். கேட்டில் காவலர்கள் முன்னால் பையை நீட்டி, "பாத்துப் போங்க சின்னம்மா," என்றார். அதுவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டவர், எஜமான் வீட்டுப் பெண்ணை அழைப்பது போல அழைத்தார். லாரியிலிருந்த பெண்கள் முன்னால் குத்திக் காட்டுகிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பையைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

சந்தேகம் விழுந்த ஆளின் குடும்பத்தையே தோட்டத்தைவிட்டு ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்பது மாமாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நான் பள்ளி முடிக்கும் வரை, மழை நாளிலும்கூட, அவர் அந்த இரண்டடி பின்னால்தான் நடந்து வந்தார்.